மூர் சாலையில் எதிர்ப்பட்டவர்கள்

மூச்சிரைப்பு எழுதியது:

மூர் என்று இங்கிலாந்தில் சொல்லும் மரமற்ற மேட்டு நிலத்தில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் எல்லோரும் ஏற்றத்தின் சதவீதத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம். அது வரைபடத்திலேயே கிடைக்கிறது. வழியில் எதிர்ப்பட்டது யார், எது என்று எழுதுங்கள். முதலில் என்னுடையது.

போன ஆகஸ்ட் கடைசியில் நார்த் யார்க் மூர்ஸ் போயிருந்தேன். ஹட்டன் லெ ஹோல் கிராமத்தில் தொடங்கி, பிளேக்கி ரிட்ஜ் மேல் ஏறி, ரால்ஃப் கிராஸ் என்னும் கற்சிலுவையை அடைந்து, வலப்புறம் திரும்பி ரோஸ்டேல் ஆபிக்கு இறங்கி, சிம்னி பேங்க் வழியாக மறுபடி ஹட்டனுக்கு வருகிற சுற்று. ஹெதர் என்னும் குட்டைப் புதர்ச்செடி பூக்கிற பருவம். பார்க்கிற பக்கமெல்லாம் கத்தரிப்பூ நிறம். அழகுதான், ஆனால் இரண்டு கையையும் பிரேக்கை விட்டு எடுக்க முடிந்தால்தானே படம் பிடிப்பது!

பிளேக்கி ரிட்ஜ் செங்குத்தான ஏற்றம் இல்லை. ஆனால் முடிகிற வழியைக் காணோம். மேலே போனதும் சுமார் 400 மீட்டர் உயரத்தில் மலையின் முதுகிலேயே சாலை ஓடுகிறது. ஒதுங்க ஒரு மரமோ சுவரோ கிடையாது. மேற்கிலிருந்து அடித்த காற்று என்னை ஓரத்திலிருந்து சாலையின் நடுவுக்கே தள்ளிக்கொண்டிருந்தது. அங்கே தனியாக நிற்கும் லயன் விடுதியில் 2010 டிசம்பரில் சிலர் பனியில் ஒரு வாரத்துக்கும் மேல் மாட்டிக்கொண்டார்கள் என்று படித்தபோது மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்தவன் நான். ஆகஸ்டிலேயே அந்தக் காற்றை வாங்கிய பிறகு வாயைத் திறக்கவில்லை.

ரால்ஃப் கிராஸ் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், சாலையோரமாக ஃபேட் பெட்டி (பெட்டி என்பது பெண் பெயர், ‘குண்டு பெட்டி’) உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளையடித்த குட்டைக் கல், அதன்மேல் வட்டமாக ஒரு தலை. பழைய சிலுவைக்கல்தான். அந்த வழியாகப் போகிறவர்கள் தின்பண்டம் ஒன்றை வைத்துவிட்டு, வேறொருவர் வைத்ததை எடுத்துக்கொள்வது வழக்கம். நம் ஊர் எல்லைச்சாமிக்குப் படைத்த பழக்கத்தில் எனக்கு இது உடனே பிடித்துப்போயிற்று. அன்று கல்லடியில் இரண்டு சாக்லேட்டும் ஓர் ஆப்பிளும் இருந்தன. என் முதுகுப் பையில் அம்மா கொடுத்தனுப்பிய எள்ளுருண்டை மூன்று. ஒன்றை வைத்துவிட்டுச் சாக்லேட்டை நோக்கிக் கை நீட்டுவதற்குள் பின்னாலிருந்து ஒரு கருமுகத்து ஆடு வந்து உருண்டையை வாயில் போட்டுக்கொண்டது. மென்றது. நின்றது. மறுபடி மென்றது. எள் பல்லில் ஒட்டிக்கொண்டதோ என்னவோ, உதட்டைச் சுருட்டி என்னைக் குற்றம் சாட்டுவதுபோல் பார்த்தது. இரண்டாவது உருண்டையை வைத்து, அது அந்தப் பக்கம் போகும்வரை காவல் நின்றேன்.

இந்த ஆடுகளுக்கு வேலி கிடையாது. எது தன் மேய்ச்சல் எல்லை என்பதைக் குட்டி தாயிடமிருந்தே பழகிக்கொள்கிறது. ஆகவே அது அவர்கள் வீடு, வழிப்போக்கன் நான்தான். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: தாய் ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால் குட்டி கட்டாயம் குறுக்கே பாயும். இறக்கமாக இருந்தாலும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

சிம்னி பேங்க்கின் கடும் பகுதியில் மூன்றடி போனால் ஓரடி உயர்கிறது. பெயருக்குக் காரணமான சுரங்கப் புகைபோக்கியை 1972இல் இடித்துவிட்டார்கள், ஏற்றத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். வளைவில் எழுந்து மிதித்தேன், முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியது. பெடலோடு பூட்டிக்கொள்ளும் காலணியைச் சட்டென்று கழற்ற முடியவில்லை. வெட்டிய வாழைபோல மெதுவாகச் சாய்ந்தேன். நாயோடு இறங்கி வந்த பெரியவர் யார்க்‌ஷயர் வழக்கப்படி "நவ் தென்" என்று வணக்கம் சொன்னார். சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். "நடந்து போனாலும் இந்தச் சாலை அங்கேதான் போகிறது" என்று சொல்லிவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

சில்லுக்காரன் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன் நான். அங்கே நான் சைக்கிளில் ஏறிய மிகப் பெரிய மேடு ஒரு பாலம். இப்போது வீடு ஹாலிஃபாக்ஸ் பக்கம். வீட்டுக்கு அருகே கிடைத்ததோ கிராக் வேல், இங்கிலாந்திலேயே இடைவிடாமல் ஏறும் மிக நீண்ட சாலை என்று பெயர் பெற்றது. மைத்தம்ராய்டிலிருந்து ஐந்தரை மைலில் 968 அடி. 2014இல் டூர் த பிரான்ஸ் போட்டியின் இரண்டாம் நாள் இதன் வழியாகத்தான் போனது. கணக்குப் பார்த்தால் சராசரியாக மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். எதிர்காற்று இருந்தால் அந்தக் கணக்கைத் தூக்கி ஓடையில் போட்டுவிடலாம்.

மே மாதம் ஒரு காலை. வீடுகள் முடிந்து புல்வெளி மூராக மாறுகிற இடத்தில் பின்சில்லு காற்றுப் போய்விட்டது. ஓரத்தில் கவிழ்த்து டயரை நெம்பத் தொடங்கியதும் தலைக்கு மேல் ஒரு பறவை கத்திக்கொண்டே சுற்றியது. கறுப்பும் வெள்ளையும், தலையில் மெல்லிய கொண்டை. இங்குள்ளவர்கள் அதன் குரலை வைத்து பீவிட் என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. எங்கள் வயல் வரம்பில் ஆள் கால் வைத்தால் ஊரைக் கூட்டும் ஆட்காட்டியின் சொந்தக்காரன் என்பது முதல் கத்தலிலேயே தெரிந்துவிட்டது. அதே பதற்றம், அதே தாழ்ந்த பாய்ச்சல். அப்படியானால் குஞ்சு பக்கத்தில்தான் இருக்க வேண்டும். காற்றில்லாத சில்லை உருட்டிக்கொண்டு நூறடி தள்ளிப் போனேன். கத்தல் நின்றது. அங்கே உட்கார்ந்து டியூப் மாற்றினேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தப் பள்ளத்தாக்கில் தங்க நாணயங்களின் ஓரத்தைச் சீவிச் சேர்த்துக் கள்ள நாணயம் அடித்த ஒரு கூட்டம் இருந்தது. தலைவன் டேவிட் ஹார்ட்லியை 1770இல் யார்க்கில் தூக்கிலிட்டார்கள். பம்ப் அடித்துக்கொண்டிருந்தபோது அவர்கள் நினைவு வந்தது. அதிகாரி மேலே ஏறி வருவதைச் சொல்ல அவர்களுக்குத் தனியாக ஆள் வைக்கத் தேவையிருந்திராது.

மூடுபனி எழுதியது:

ஆட்காட்டி கத்தியாவது சொன்னது. எனக்கு எதிர்ப்பட்டவர்கள் சத்தமே போடவில்லை.

டார்ட்மூர், அக்டோபர். போஸ்ட்பிரிட்ஜில் பழைய கற்பலகைப் பாலத்தைப் பார்த்துவிட்டு டூ பிரிட்ஜஸ் நோக்கிக் கிளம்பியபோது வெயில். பத்தே நிமிடத்தில் மூடுபனி. என் முன்விளக்கு வெளிச்சம் பால் டம்ளருக்குள் விட்ட விரல்போல அப்படியே நின்றுவிட்டது. மெதுவாக உருட்டிக்கொண்டு போகிறேன். முதலில் ஈரமான ரோமத்தின் வாடை வந்தது. அப்புறம் மூச்சுச் சத்தம். அதற்கப்புறம்தான் சாலையை அடைத்துக்கொண்டு நின்ற ஐந்தாறு மட்டக்குதிரைகள் தெரிந்தன.

அவை காட்டுக் குதிரைகள் அல்ல, ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. தீனி போடக்கூடாது என்பது அங்கே சட்டம். மனிதர் கையில் தின்று பழகினால் சாலைக்கு வந்து காரில் அடிபடும் என்பதே காரணம். இந்தச் சட்டத்தை ஒரு பெட்டைக் குதிரைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நேராக வந்து என் கைப்பிடிப் பையில் மூக்கை நுழைத்தது. உள்ளே வாழைப்பழம். பையை மூடிப் பிடித்துக்கொண்டு, "இல்லை அம்மா, கிடையாது" என்று தமிழில் கெஞ்சினேன். என் கையில் சூடாக மூச்சுவிட்டுவிட்டு அது திரும்பியது. மற்றவை அதன் பின்னால் சாலையிலேயே நடக்கத் தொடங்கின. முந்திப் போக எனக்குத் துணிவில்லை. பின்னால் ஒரு கார் வந்தது, அவரும் முந்தவில்லை. குதிரைகள், நான், கார் என்று கால் மணி நேரம் ஊர்வலம் போனோம். சொல்லப்போனால் அந்தப் பாதையில் நான் பயமில்லாமல் போன பகுதி அதுதான்.

கறிவேப்பிலை எழுதியது:

நான் இன்னும் மூர் பக்கம் போனதில்லை. சாலையின் குறுக்கே பள்ளம் வெட்டி இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருப்பார்களாமே, கால்நடை தாண்டாமல் இருக்க? சைக்கிள் டயர் உள்ளே போய்விடாதா? அப்புறம் மூச்சிரைப்பு அண்ணா, சிம்னி பேங்க்கில் எந்தக் கியர் போட்டீர்கள்?

மூச்சிரைப்பு எழுதியது:

டயர் போகாது தம்பி, நேராகப் போகிறவரை. கொஞ்சமும் சாய்க்காதே, அதன்மேல் பிரேக் பிடிக்காதே. முன்னதாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு கையைத் தளர்த்தி விட்டுவிடு. மழை நாளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கமே இல்லை.

கியர் முன்னால் 34 பல், பின்னால் 34 பல். அதற்குமேல் என்னிடம் இருந்தது மூன்றாவது எள்ளுருண்டை மட்டும்தான். அதையும் விழுந்த இடத்திலேயே தின்றுவிட்டேன்.