புதுப்பிப்பு: ஊமச்சிகுளம் வீட்டுப் பிளான், கீழ்த்தளம் மாறிவிட்டது

போன மாதம் எங்கள் கீழ்த்தள வரைபடத்தைப் போட்டுக் கருத்துக் கேட்டிருந்தேன். 30க்கு 40 அடி, கிழக்குப் பார்த்த மனை, ஹால் நடுவில் மாடிப்படி, அம்மாவின் அறை மேற்கு ஓரத்தில், ராத்திரி குளியலறைக்குப் போக முழு ஹாலையும் கடக்க வேண்டும். "மதுரை வெயிலில் அம்மாவை வேகவைக்கப் போகிறீர்களா?" என்று ஒருவர் கேட்டது சுருக்கென்று தைத்தது, ஆனால் நியாயம்தான்.

இப்போது மாடிப்படியும் குளியலறையும் மேற்குச் சுவரை ஒட்டிப் போய்விட்டன, சாயங்கால வெயிலை அவை வாங்கிக்கொள்ளட்டும். அம்மாவின் அறை அதற்கு உள்பக்கம். குளியலறைக் கதவு மூன்றடி அகலம், அறைப்பக்கமாகத் திறக்கும். உள்ளே வழுக்கி விழுந்தால் ஆளே கதவை அடைத்துக்கொண்டு கிடக்கக் கூடாது பாருங்கள். படி உயரம் 7 அங்குலம், பத்தரை அடிக்கு 18 படி. அடியில் இன்வெர்ட்டர்.

அடுப்படி வாஸ்துப்படி அக்கினி மூலையான தென்கிழக்கில்தான், மாமாவிடம் அதில் பேச்சே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மனையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு அம்மாவை அழைத்துப் போனோம். அடுப்படிக் கோட்டுக்குள் நின்று கையை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்த்துவிட்டு, "கிரைண்டரை எங்கடா வைப்ப?" என்றார். இன்ஜினியர் என்னைப் பார்க்கிறார், நான் தம்பியைப் பார்க்கிறேன். அப்புறம் சாப்பாட்டு இடத்தில் நாலடி வெட்டி, பாத்திரம் துலக்கவும் கிரைண்டருக்கும் பின்பக்கம் ஓர் இடம் ஒதுக்கினோம்.

தண்ணீர்த் தொட்டி மட்டும் பாக்கி. காரை நிறுத்தினால் அதன் மூடி காருக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. வேறு எங்கே தோண்டலாம், சொல்லுங்கள்.