ஹார்பர் மாஸ்டர் "கிளம்பு" என்றால் கேப்டன் கிளம்பித்தான் ஆக வேண்டுமா? பார்த்தவர்கள் எழுதுங்கள்

கரையோரன்:
கப்பலில் கேப்டன் வைத்ததுதான் சட்டம் என்பார்கள். ஆனால் துறைமுகத்துக்குள் வந்துவிட்டால் எங்கே கட்டுவது, எப்போது நகர்வது, எப்போது வெளியேறுவது எல்லாம் ஹார்பர் மாஸ்டர் கையில். இருவரும் முட்டிக்கொண்டதை நேரில் பார்த்திருந்தால் சொல்லுங்கள். கேள்விப்பட்ட கதை வேண்டாம்.

பழைய செகண்ட் இன்ஜினியர்:
கிழக்குக் கரையில் ஒரு பெரிய துறைமுகம், வடகிழக்குப் பருவமழை நேரம். பெர்த்தில், அதாவது கப்பல் கட்டும் இடத்தில், நிற்கும் கப்பல் மெயின் இன்ஜினைப் பிரிக்க வேண்டுமானால் ஹார்பர் மாஸ்டரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பிரித்துப் போட்ட இன்ஜினோடு கப்பல் அவசரத்துக்கு நகராது அல்லவா? எங்கள் சீஃப் இன்ஜினியர் ஒரு பிஸ்டனைத் தூக்க அனுமதி கேட்டார். மதியம் வரை இழுத்துவிட்டு, முடியாது என்றார்கள். சீஃப் திட்டாத திட்டு இல்லை. அப்போது ஏறியிருந்தது ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டுதான்.

மறுநாள் எண் ஏறியது. எல்லாக் கப்பல்களும் கடலுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. எங்கள் கேப்டன் மறுத்தார். சரக்கு பாதிதான் இறங்கியிருக்கிறது, கயிற்றை இரட்டிப்பாகப் போட்டு இங்கேயே இருக்கிறேன் என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பேரலை உள்ளே புகுந்தால் கப்பல் முன்னும் பின்னும் இழுபட்டு, கயிறு ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் கான்கிரீட்டில்தான் மோதும். ஹார்பர் மாஸ்டர் வி.எச்.எஃப் ரேடியோவில் குரலை உயர்த்தவே இல்லை. "பைலட் ஏறுகிறார், இரண்டு டக் வருகிறது, இன்ஜின் ரெடியா?" அவ்வளவுதான். பைலட் என்றால் கப்பலுக்கு வழிகாட்டும் துறைமுக ஆள், டக் என்றால் இழுவைப் படகு. போனோம். வெளியே பாதிப் பேருக்கு வாந்தி. திரும்பி வந்தபோது எங்கள் பெர்த்தில் கப்பல் இடிக்காமல் தாங்கும் ஃபெண்டர்கள் சிலவற்றைக் காணோம்.

வெளியேறு என்றால் வாசலில் நங்கூரம் போட்டு நிற்பது என்று அர்த்தமில்லை. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில், சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த பிரதிபா காவேரி என்ற கப்பல் எலியட்ஸ் கடற்கரைப் பக்கம் தரைதட்டியதை ஊரே பார்த்தது.

போர்டிங் கிளார்க்:
நாங்கள் கப்பல் ஏஜென்டின் ஆட்கள், எங்கள் பிழைப்பு கேப்டனுக்கும் துறைமுகத்துக்கும் நடுவில். பெர்த்திங் மீட்டிங்கில் ஒரு பெர்த் ஒதுக்கினார்கள்; கப்பல் கட்டியபின், இன்னொரு கப்பலுக்கு அந்த இடம் வேண்டும், ராத்திரியே மாற்று என்றார்கள். கேப்டன் முனகிக்கொண்டே மாற்றினார். சண்டை அதற்கப்புறம்தான். துறைமுகத்தின் வசதிக்காக மாற்றினால் ஷிஃப்டிங் கட்டணம் கிடையாது. பில் வந்தபோது "கப்பல் கேட்டதால்" என்று போட்டிருந்தார்கள்! எந்தத் துறைமுகம் என்று கேட்காதீர்கள், நாளைக்கும் அதே கேட்டில்தான் பாஸ் வாங்க வேண்டும்.

டக் மாஸ்டர்:
1908 இந்தியத் துறைமுகச் சட்டத்தில் இந்த அதிகாரம் 'கன்சர்வேட்டர்' பேரில் இருந்தது. போர்ட் ஆபீசர் இருந்தால் அவர், இல்லாவிட்டால் ஹார்பர் மாஸ்டர். சென்னை, தூத்துக்குடி மாதிரிப் பெரிய துறைமுகங்களில் டெபுடி கன்சர்வேட்டர், அவருக்குக் கீழே ஹார்பர் மாஸ்டர். ஆபத்து என்றால் கயிற்றை வெட்டிவிடக்கூட அதிகாரம் இருந்தது. இப்போது 2025 சட்டம் வந்துவிட்டது. அதிலும் கன்சர்வேட்டர் இருக்கிறார்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பழைய சட்டத்தில், பைலட் கட்டாயம் என்று அறிவித்த துறைமுகத்தில் 200 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல் பைலட் இல்லாமல் நகரக்கூடாது என்று சொன்ன அதே பிரிவு, பைலட் இருந்தாலும் சேதத்துக்குக் கப்பல் தரப்பே பொறுப்பு என்றும் சொன்னது. உத்தரவு அவர்களுடையது, நஷ்டம் நம்முடையது. எத்தனையோ கேப்டன்கள் பிரிட்ஜில் நின்று இதைச் சொல்லிப் புலம்பியதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அவர்கள் பக்கம்தான் சாய்வு.

பாம்பன்காரன்:
எங்கள் ஊரில் ஹார்பர் மாஸ்டர் இல்லை, துறைமுக அதிகாரிதான். பாலத்தைத் தாண்ட அவர் அனுமதி வேண்டும். ரயில்வேயும் ஒத்துவர வேண்டும். 1914 பாலத்தை ஆட்கள் கையால் சுற்றித் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் மோட்டாரில் மேலே ஏறுகிறது. இழுவைக் கப்பல்கள் காத்துக் கிடப்பது மட்டும் குறையவில்லை. காற்று அடங்கவில்லை என்றால் அனுமதி கிடையாது. நாங்களும் டீ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்போம்.

கரையோரன்:
சரி, ஆபத்து என்று கேப்டன் உண்மையிலேயே நினைத்தால்?

டக் மாஸ்டர்:
பழைய சட்டம் தண்டித்தது, தக்க காரணம் இல்லாமல் வேண்டுமென்றே மறுப்பவரைத்தான். காரணம் இருந்தால் ரேடியோவிலேயே சொல்ல வேண்டும்: என் இன்ஜின் இந்த நிலையில் இருக்கிறது, கூடுதல் டக் வேண்டும் என்று. நேரத்தோடு லாக் புக்கில், அதாவது கப்பலின் பதிவேட்டில், ஏற்ற வேண்டும். பேசாமல் அடம்பிடித்தால் எதுவும் நிற்காது.

போர்டிங் கிளார்க்:
கூடவே புரொட்டஸ்ட் லெட்டர், அதாவது ஆட்சேபக் கடிதம், இரண்டு பிரதி. 'பெற்றுக்கொண்டதற்கு மட்டும்' என்று எழுதித்தான் முத்திரை குத்துவார்கள். பரவாயில்லை, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.