புதுப்பிப்பு: குளிர் நாடுகளுக்கு அனுப்பும் கம்பளிக் குல்லா – கண்ணிக் கணக்கில் திருத்தம்

முந்தைய பதிவில் பெரியவர் குல்லாவுக்கு 5 மி.மீ. வட்ட ஊசியில் 96 கண்ணி (ஊசியில் ஏறும் நூல் வளையம்) என்று எழுதியிருந்தேன். அதை 88 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். 10 செ.மீ.க்கு 18 கண்ணி என்ற அளவு, அளவு பார்க்கப் பின்னிய, துவைக்காத மாதிரித் துண்டில் எடுத்தது. இயந்திரத்தில் துவைக்கத்தக்க கம்பளி நூல் நனைந்ததும் தளரும். 96 கண்ணிக் குல்லா காதை விட்டு நழுவிவிடும். மாதிரித் துண்டைத் துவைத்து, முழுக்கக் காயவைத்த பிறகே அளக்க வேண்டும்.

முதல் 5 செ.மீ. இரண்டு நேர்க்கண்ணி (knit), இரண்டு எதிர்க்கண்ணி (purl) என்று மாறிமாறி வரும் ரிப் பின்னல். பிறகு நேர்ப் பின்னலில் மொத்தம் 15 செ.மீ. வரை. அடுத்து குறைப்பு: சுற்று முழுதும் 9 கண்ணி பின்னி, 2 கண்ணியை ஒன்றாக்குங்கள்; அடுத்த குறைப்பில் 8 பின்னி, பிறகு 7 பின்னி என்று போகும்; சுற்றுக்கு 8 குறையும். முதல் ஐந்து குறைப்புகளுக்கும் இடையே குறைப்பில்லாத ஒரு வெறுஞ்சுற்று, 48 கண்ணி ஆனபின் ஒவ்வொரு சுற்றிலும் குறைப்பு. கடைசி 8 கண்ணியில் நூலை இருமுறை கோத்து இழுத்து முடியுங்கள்.

அதிகம் கெடுவது விளிம்புதான். தொடக்கக் கண்ணிகளை இறுக்கமாக ஏற்றினால் நெற்றியை அழுத்தும், 5.5 மி.மீ. ஊசியில் ஏற்றிவிட்டு 5-க்கு மாறுங்கள்.

அக்ரிலிக் துவைக்க எளிது, ஆனால் நெருப்பருகே உருகும். விறகடுப்பில் குளிர்காயும் இடங்களுக்குக் கம்பளியே நல்லது. ஈரத்திலும் ஓரளவு சூடு காக்கும். குல்லாக்களைப் பெறும் அமைப்பிடம் எந்த நூல் ஏற்பார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். குழந்தைக் குல்லாவில் பொத்தானும் குஞ்சமும் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வார்கள். ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகே பொட்டலம் கட்டுங்கள்.