பக்கத் தெருவிலிருந்து குறுக்கே பாயும் கார்கள்: என்னதான் வழி?

இடப்பக்கத் தெருவிலிருந்து வரும் கார்கள் நின்று, பார்த்து, பிறகும் சைக்கிளுக்கு முன்னால் நுழைகின்றன. ஆறு வாரத்தில் நான்கு முறை. எல்லாமே காலை 8 மணி வாக்கில், சூரியன் சைக்கிளுக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும்போது.

என் வண்டி ஹைப்ரிட் சைக்கிள் (சாலைக்கும் கரடுமுரடான பாதைக்கும் பொதுவானது), 32 மி.மீ. அகல டயர், டிஸ்க் பிரேக். வேகம் மணிக்கு 25 கிமீ, அதாவது நொடிக்கு 7 மீட்டர். சுதாரிக்க 7, பிரேக்குக்கு 5 என்று 12 மீட்டராவது வேண்டும்.

செய்து பார்த்தவை: 400 லூமன் முன்விளக்கைப் பகலிலும் மின்னவிட்டாயிற்று. ஒளிரும் மஞ்சள் மேலாடையும் போட்டாயிற்று. எதிர்வெயிலில் அது வெறும் கறுப்பு உருவம்தான். ஓட்டுநரின் கண்ணைப் பார்ப்பதும் பயனில்லை, நம் பக்கம் திரும்பிய முகம் நம்மைப் பார்த்ததாக ஆகாது. காரின் முன்சக்கரத்தைக் கவனிப்பதே மேல்: டயர் ஒரு விரல் அளவு உருண்டாலே தெரிந்துவிடும்.

முக்கியச் சிக்கல் காரின் முன்கண்ணாடி ஓரத் தூண். காரும் சைக்கிளும் சந்திப்பை நோக்கி ஒரே விகிதத்தில் நெருங்கினால், சைக்கிள் அந்தத் தூணின் மறைவிலேயே கடைசிவரை தங்கிவிடுகிறது. சாலை நடுப்பக்கம் ஒரு மீட்டர் விலகினால் மறைவு உடைகிறது. ஆனால் பின்னால் வண்டி ஒட்டி வந்தால் விலக முடியாது.

அப்படி விலக இடமில்லாதபோது, வேகத்தை மட்டும் மாற்றி அந்த மறைவிலிருந்து வெளிவர எத்தனை மீட்டருக்கு முன்பே, எவ்வளவு குறைக்கிறீர்கள்?