பூனைக்குப் பச்சைக்கறி போட்டவர்கள், போடுகிறவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

சாம்பல்குட்டி வீடு, சாக்ரமெண்டோ

நானே ஆரம்பிக்கிறேன். இரண்டு வருஷமாக எங்கள் பூனைக்குப் பச்சைக்கறிதான். எலும்பு, ஈரல் எல்லாம் சேர்த்து அரைத்து, உறைய வைத்து விற்கிற வான்கோழிக் கறி. ராத்திரி ஃப்ரீஸரிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தால் காலையில் இளகியிருக்கும். முடி பளபளவென்று இருந்ததால் தெரிந்த நாலு பேருக்குச் சிபாரிசும் செய்தேன். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2024 டிசம்பர், கிறிஸ்துமஸ் சமயம். பக்கத்து மாநிலமான ஒரிகானில் வீட்டு வாசலைத் தாண்டாத பூனை ஒன்று பறவைக் காய்ச்சலில் செத்துப்போனது. அது தின்ற வான்கோழிக் கறியைச் சோதித்தால் அதிலும் எச்5என்1, அதாவது பறவைக் காய்ச்சல் வைரஸ். பூனை உடம்பில் இருந்த வைரஸும் பாக்கெட்டில் இருந்ததும் மரபணுவில் ஒன்றுதான் என்று மாநில அரசே சொல்லிவிட்டது. சரக்கைத் திரும்பப் பெற்றார்கள்.

நான் வாங்குவது வேறு கம்பெனி. அந்த ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு மீதிப் பாக்கெட்டுகளைத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன். விலை அப்படி. போதாததற்கு, அவ்வளவு குளிரில் கிருமி எங்கே பிழைக்கும் என்றொரு நம்பிக்கை. ஆய்வுக்கூடங்களில் வைரஸைக் கெடாமல் வைப்பதே உறைய வைத்துத்தான் என்பது அப்போது தெரியாது.

பத்து நாளில் குட்டி சுருண்டு படுத்தது. காய்ச்சல், தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டருக்கு போன் செய்தால், "உள்ளே கொண்டுவராதீர்கள், காரிலேயே இருங்கள்" என்றார்கள். மாஸ்க், கண்ணாடி, கவுன் எல்லாம் மாட்டிக்கொண்டு கார் கதவருகே வந்து நின்று அவர் கேட்டவை: பச்சைக்கறி தருகிறீர்களா? காய்ச்சாத பால் தருகிறீர்களா? செத்த பறவை எதையாவது கவ்வியதா? முதல் கேள்விக்குத் தலையாட்டும்போது என் முகம் எப்படி இருந்ததோ, அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

முடிவு வரும்வரை குளியலறையில் தனியே வைத்திருந்தோம். பறவைக் காய்ச்சல் இல்லை. மலத்தில் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருந்தது. அதுவும் அந்தக் கறியில்தான் வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அந்தக் கறியை வெட்டிய அதே பலகையில்தான் நான் தக்காளியும் நறுக்கிக்கொண்டிருந்தேன். பூனை பிழைத்துவிட்டது. ஃப்ரீஸரைக் காலி செய்துவிட்டேன். பாக்கெட்டுகளை இரட்டைப் பையில் கட்டி மூடியுள்ள தொட்டியில் போட்டேன், காக்கையோ ரக்கூனோ கிளறிவிடக் கூடாதே.

பால் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இங்கே 'பச்சைப்பால்' என்று உடம்புக்கு நல்லதாக விற்கிறார்கள், இரண்டு மடங்கு விலை. அதே டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம், திரும்பப் பெறப்பட்ட அப்படியொரு பாலைக் குடித்த பூனைகள் செத்தன. அந்த வருஷம் மார்ச்சில் டெக்சாஸில் ஒரு மாட்டுப் பண்ணையில் நோய்ப்பட்ட மாடுகளின் பால் ஊற்றி வளர்த்த 24 பூனைகளில் ஏறக்குறைய பாதி போய்விட்டன. மாடுகள் பெரும்பாலும் தேறிவிட்டன! இதை ஊருக்கு போனில் சொன்னால் மாமியார் கேட்கிறார்: "பொங்க வைக்காத பாலை யாரும்மா குடிப்பா?"

*

மொட்டைமாடி, சென்னை

அக்கா, உங்களுக்கு வான்கோழி. எங்க வீட்ல பிராய்லர் கடை கழிவு. அம்மா தினமும் பாய் கடையில இருந்து தலை, தோல், குடல் எல்லாம் ஒரு கவர்ல வாங்கிட்டு வந்து மாடியில அப்படியே கொட்டுவாங்க. எங்க வெள்ளையன் ஒண்ணு, தெருப் பூனைங்க அஞ்சு. நான் நிறுத்தச் சொன்னா, "எலியைப் பிடிச்சா அது அடுப்புல வச்சா திங்குது?" அப்படின்னு ஒரே கேள்வி. பதில் இல்ல.

2025 ஜனவரியில, நாக்பூர்ல மூணு புலியும் ஒரு சிறுத்தையும் பறவைக் காய்ச்சல்ல செத்ததா நியூஸ் வந்துச்சு. அம்மா அன்னைக்குக் கவரோட மாடிப்படியிலயே நின்னுட்டாங்க. "புலியே தாங்கலையா?"

இப்ப பழைய குக்கர் ஒண்ணு பூனைக்குன்னே ஒதுக்கியாச்சு. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. மூணு விசில். யாராவது சரியான்னு சொல்லுங்க.

*

ரயில்வே குவார்ட்டர்ஸ், நாக்பூர்

அந்தப் புலிகள் இருந்த கோரேவாடா மீட்பு மையம் எங்கள் ஊர்தான். 2024 டிசம்பர் கடைசியில் இறந்தன. ஜனவரியில் போபால் ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. அதே மாதம் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாடாவில் வீட்டுப் பூனைகளுக்கும் உறுதியானது. இங்கிருந்து பஸ்ஸில் மூணு மணி நேரம். அங்கே கோழி மார்க்கெட்டை மூடினார்கள்.

புலி கதை புதிதும் இல்லை. தாய்லாந்தில் 2004இல் ஒரு புலிப் பூங்காவில் பச்சைக் கோழி போட்டு, இருந்த 441 புலிகளில் செத்ததும் கொன்றதுமாக 147 போயின. இருபது வருஷம் கழித்தும் நமக்கு அது செய்தியாக இருக்கிறது, அதுதான் எனக்கு ஆத்திரம்.

அந்த ஜனவரியில் எங்கள் கடுவன் ஒரு புறாவைக் கவ்விக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் போட்டான். கையில் பாலிதீன் பையைச் சுற்றிக்கொண்டு எடுத்துக் குழி தோண்டிப் புதைத்தேன். அவனைப் பத்து நாள் பின்னறையில் பூட்டினேன். ராத்திரியெல்லாம் கதறல், பக்கத்து வீட்டு டி.டி.இ. சண்டைக்கே வந்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பத்து நாளும் அவன் தும்மும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கியது. இப்போது ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று. வெளியே போட்ட செருப்பு வாசலோடு சரி.

*

எட்டு வருஷம், கோவை

எட்டு வருஷமாகப் பச்சைக் கோழிதான் போடுகிறேன். ஒரு தும்மல் கிடையாது. எல்லோரும் சேர்ந்து பயமுறுத்துகிறீர்கள்.

*

சாம்பல்குட்டி வீடு, சாக்ரமெண்டோ

தம்பி, இரண்டு வருஷம் நானும் இதே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

*

கால்நடை மருந்தகம், தேனி

ஊசி போடும் பக்கத்தில் இருப்பவன், அதனால் கொஞ்சம் சொல்கிறேன். கேரளாவில் வாத்துகளுக்கு நோய் வந்தால் எங்களுக்கு இங்கே எல்லைச் சோதனைச்சாவடியில் வண்டிச் சக்கரத்துக்கு மருந்தடிக்கும் வேலை வரும். 2024 ஏப்ரலில் குட்டநாட்டில் வந்தபோதும் அதுதான். அப்போதெல்லாம் பூனைக்காரர்கள் ஓடிவந்து கேட்பது: "சார், பூனைக்குத்தான் தடுப்பூசி போட்டாச்சே?" நீங்கள் போடுவது பூனைகளின் பேதிநோய்க்கும் சளிநோய்க்கும். அதில் இது அடங்காது.

கோவைத் தம்பி சொல்வது பொய்யில்லை. எல்லாக் கோழியிலும் வைரஸ் இருக்காது. ஆனால் இருந்துவிட்டால் பூனைக்குப் பிழைக்க வாய்ப்பு குறைவு. சோறு இறங்காது, காய்ச்சல், மூச்சு வாங்கும், சில பூனைகளுக்கு வலிப்பு, தள்ளாட்டம், கண் தெரியாமல் சுவரில் முட்டுவது. வெறிநோயோ என்று பார்ப்பவர்கள் மிரளும் அளவுக்கு இருக்கும். இரண்டையும் வெறும் கண்ணால் பிரிக்க முடியாது, ஆகையால் கடிக்க விடாதீர்கள், வெறுங்கையால் வாயைத் திறந்து பார்க்காதீர்கள், போன் செய்துவிட்டு வாருங்கள். பூனையிடமிருந்து மனிதருக்கு வருவது அரிது. ஆனால் 2016இல் நியூயார்க் காப்பகத்தில் வேறொரு பறவைக் காய்ச்சல் வகை நூற்றுக்கணக்கான பூனைகளுக்குப் பரவி, பார்த்துக்கொண்ட கால்நடை மருத்துவர் ஒருவருக்கும் தொற்றியது.

சென்னைத் தம்பி, மூணு விசில் தாராளம். கறியின் உள்பக்கம் 70 டிகிரி தாண்டினாலே இந்த வைரஸ் செத்துவிடும். ஆனால் வெந்த எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும், பிரித்தெடுத்துவிட்டுப் போடுங்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய டாரின் என்ற சத்து அதில்தான் இறங்கியிருக்கும். வெறும் கோழியே முழுச் சாப்பாடு ஆகாது, பாக்கெட் தீனியும் கலந்து கொடுங்கள். கழிவை வாங்கி வந்த கவரையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள் அம்மாவை. வேக வைப்பதற்கு முன்னாலும் அதைத் தொட்டிருப்பாரே.

*

மொட்டைமாடி, சென்னை

நன்றி சார். எலும்பு எடுக்கற வேலை என் தலையில விழுந்துடுச்சு. வெள்ளையன் மூணு நாள் வெந்த குடலை மோந்து பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டான். நாலாவது நாள் அம்மா அந்தத் தண்ணியை வெதுவெதுப்பா மேல ஊத்தினாங்க, தட்டு காலி. தெருப் பூனைங்க இப்ப ரெண்டாவது விசிலுக்கே கைப்பிடிச் சுவர்ல வரிசையா வந்து உக்காந்துடுது.

இன்னொண்ணு கேக்கணும். வாரத்துல ஒரு நாள் மத்தி பச்சையா போடுவாங்க. மீன்ல பறவைக் காய்ச்சல் வராதுல்ல, அது பரவால்லையா?

*

கால்நடை மருந்தகம், தேனி

அது வேற தொல்லை. பச்சை மத்தியில் பி1 வைட்டமினை அழிக்கிற பொருள் இருக்கிறது; தொடர்ந்து போட்டால் பூனைக்குக் கழுத்து தொங்கிப்போய் வலிப்பு வரும். அதையும் குக்கரிலேயே போட்டுவிடச் சொல்லுங்கள்.