10 லட்சம் டாலர் கேப் ஸ்பேஸில் 47 லட்சம் டாலர் வீரரை எப்படி எடுக்கிறார்கள்?

மூன்றாம்வரிசை:
ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்-இல் ஒரு டீமின் மொத்தச் சம்பள வரம்பு, அதாவது கேப், 2025-26 சீசனுக்கு 9.55 கோடி டாலர். சீசன் முழுக்க 10 லட்சம்தான் மிச்சம் என்று காட்டும் டீம், மார்ச் மாதம் ட்ரேட் டெட்லைனில் (வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) 47 லட்சம் ஒப்பந்தக்காரரை எடுக்குது. கணக்கு எங்கே இடிக்குது? காயக்காரரை எல்டிஐஆரில் (நீண்டநாள் காயப் பட்டியல்) போட்டால் இன்னும் கூடுமா?

நீலக்கோடு:
கணக்கு இடிக்கவில்லை. கேப் தினசரிக் கணக்கு. சீசன் 190 நாள் என்று வையுங்கள். முதல் நாளிலிருந்து 10 லட்சம் இடம் விட்டே வந்து, டெட்லைனில் 40 நாள் மீதமிருந்தால் 10 × 190 ÷ 40 = 47.5 லட்சம். வருகிறவருக்கு அந்த 40 நாள் பங்கு மட்டும்தான் ஏறும்.

எல்டிஐஆரில் இந்தச் சேமிப்பு நின்றுவிடும். அது கூடுதல் பணம் இல்லை, கேப்பைத் தாண்ட ஒரு அனுமதி. அதனால் சின்னக் காயத்துக்கு அதைத் தொடவே கூடாது. 10 ஆட்டமும் 24 நாளும் வெளியே இருப்பவருக்குத்தான் அது பொருந்தும்.

கோல்கிரீஸ்:
நீலக்கோடு சொன்னது சரி, ஆனா போடுற நேரம் முக்கியம். 60 லட்சம் வீரர் சீசன் முழுக்க அவுட்னு வைங்க. டீமோட மொத்தச் சம்பளம் 9.47 கோடியில இருக்கும்போது எல்டிஐஆர்ல போட்டா, டீம் செலவழிக்கக்கூடிய உச்சம் 10.07 கோடி. அதுக்கு முன்னாடி கீழ்நிலை லீக்கான ஏஎச்எல்-லேருந்து 7.75 லட்சம் பையன் ஒருத்தனை மேலே கூப்பிட்டு 9.5475-க்கு ஏத்திட்டுப் போட்டா உச்சம் 10.1475. அப்புறம் பையனைத் திருப்பி அனுப்பிடலாம், உச்சம் குறையாது.

2020-21-ல தாம்பா பே, குச்செரோவை ரெகுலர் சீசன் முழுக்க வெளியே வச்சு ப்ளேஆஃப்ல இறக்கினது இனி அப்படியே நடக்காது. 2025-26 சீசன்லேருந்து ப்ளேஆஃப்ல இறங்குற 20 பேரும் கேப்புக்குள்ள இருக்கணும். அதே சீசன்ல திரும்பக்கூடியவருக்கு முந்தைய ஆண்டு லீக் சராசரிச் சம்பளம் வரைதான் சலுகை, 2025-26-ல சுமார் 38 லட்சம்.

பெரிய சம்பளக்காரரை ஏஎச்எல்-ல புதைச்சுத் தப்பிக்கவும் முடியாது. 2025-26 கணக்குல குறைஞ்சபட்ச சம்பளம் 7.75 கூட 3.75, ஆக 11.5 லட்சம்தான் கழியும். 60 லட்சம்னா 48.5 கேப்லயே உட்கார்ந்திருக்கும். கீழே அனுப்புறதுக்கு முன்னாடி மத்த டீம்களுக்குக் காட்டுற வெய்வர்ஸ்ல வேற டீம் எடுத்தா அதிர்ஷ்டம்.

மூன்றாம்வரிசை:
அப்போ அணிப் பட்டியலில் அதிகபட்சமான 23-க்குப் பதில் 22 பேரோடு ஓட்டினால் போதுமே? விடுமுறை நாளில் பையனைக் காகிதத்தில் மட்டும் கீழே அனுப்பிச் சேமிப்பதும் உண்டுதானே?

நீலக்கோடு:
அந்தக் காகித வேலைக்கு இப்போது இடமில்லை. கீழே போனவர் ஏஎச்எல்-இல் ஒரு ஆட்டமாவது ஆடிவிட்டுத்தான் திரும்பலாம். 22 பேர் நல்ல யோசனை: ஒரு குறைந்தபட்ச சம்பளத்தை முழுக்க விட்டால் டெட்லைனில் சுமார் 36.8 லட்சம்.

சிக்கல் வெளியூர்ப் பயணத்தில். 12 ஃபார்வர்ட், 6 டிஃபென்ஸ், 2 கோலி போக இருவர்தான் மிச்சம். மூன்று பேர் விழுந்தால், கேப்பும் இல்லையென்றால், முதலில் 17 ஸ்கேட்டர்களோடு (கோலி அல்லாதவர்கள்) ஒரு ஆட்டம் ஆடியாக வேண்டும். அடுத்த ஆட்டத்துக்குத்தான் அவசர விதிவிலக்கு, அதுவும் (2025-26-இல்) 8.75 லட்சத்துக்கு மேற்படாத ஒப்பந்தக்காரருக்கு. அந்த விலையில் கையில் ஒரு டிஃபென்ஸ்மேன் இருக்கிறாரா என்று அக்டோபரிலேயே பாருங்கள். பல டீம்களில் ஃபார்வர்ட்தான் நிறைய இருப்பார்கள்.