ஆண்ட்ராய்டுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் தேவை

பூங்குழலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். எங்கள் கல்லூரித் திரைப்படக் குழு அடுத்த வாரம் 'ஆர்மிடேஜ் த தேர்டு' என்ற ஜப்பானிய அனிமேயைத் திரையிடுகிறது. 1995இல் நான்கு பகுதிகளாக நேரடி வீடியோவில் வந்த குற்றக்கதை. தமிழ் வசனவரிகளை நான்தான் எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை கோப்பை ஒப்படைக்க வேண்டும்.

கதை நடப்பது 2046இல், செவ்வாய்க் கோளில் உள்ள செயின்ட் லோவெல் நகரத்தில். சிகாகோவிலிருந்து மாற்றலாகி வரும் ராஸ் சிலிபஸ் என்ற துப்பறிவாளருக்கு ரோபோ என்றாலே ஆகாது, தன்னோடு வேலை பார்த்தவரைக் கொன்றது ஒரு ரோபோ என்பதால். அங்கே அவரோடு சேர்த்துவிடப்படும் நவோமி ஆர்மிடேஜ் என்ற பெண் போலீசே ஓர் ஆண்ட்ராய்டு, அதாவது மனித உருவ ரோபோ, என்பது பிறகு தெரிய வருகிறது. ரோபோக்களுக்குள்ளேயே 'செகண்ட்', 'தேர்டு' என்று பிரிவு உண்டு. செகண்ட் என்பது அன்றாட வேலைகளுக்கான வகை. தேர்டை மனிதரிலிருந்து பிரித்தறியவே முடியாது.

'ஆண்ட்ராய்டு' என்றே போட்டால் மாணவர்களுக்குக் கைப்பேசிதான் நினைவுக்கு வரும். 'மனித உருவ எந்திரன்' என்று போட்டால் வரி நீண்டுவிடுகிறது, திரையில் அது நிற்பதே இரண்டு நொடி. சுருக்கமாக, வாயில் நுழைகிற மாதிரி ஒரு சொல் தாருங்கள்.

செழியன் எழுதியது:

ஆண்ட்ராய்டு என்றே விடுங்கள். பேருந்து, மின்சாரம் போன்ற ஆக்கிய சொற்கள் நிலைத்தன, சரி. ஆனால் அவை நாள்தோறும் கையாண்ட பொருள்கள். எதிரே இல்லாத ஒரு பொருளுக்குச் சொல் ஆக்கினால் அது அகராதியிலேயே தங்கிவிடும். முதல் காட்சியிலேயே அந்தப் பெண்ணைப் பார்த்துவிடப் போகிறார்கள், கைப்பேசிக் குழப்பம் அதோடு தீர்ந்துவிடும்.

அரங்கன் எழுதியது:

அன்புள்ள பூங்குழலி, புதிதாக ஆக்க வேண்டிய தேவையே இல்லை அம்மா. 'பாவை' இருக்கிறது.

மணிமேகலையில் வரும் கந்திற்பாவையை நினைத்துப் பாருங்கள். தூணில் மயன் செய்து வைத்த உருவம். அது பேசும், நடந்ததையும் சொல்லும், நடக்கப் போவதையும் சொல்லும். உங்கள் படம் குற்றக்கதை என்கிறீர்களே, கந்திற்பாவை முன்னே நடந்ததும் ஒரு கொலைதான். மணிமேகலை காயசண்டிகை உருவில் இருக்கிறாள். அவளைத் தன் மனைவி காயசண்டிகை என்றே நம்பிய காஞ்சனன், அவளைத் தேடி வந்த இளவரசன் உதயகுமரனை வெட்டிவிட்டு அவளை நெருங்குகிறான். அப்போது 'அணுகல் அணுகல் விஞ்சைக் காஞ்சன' என்று தடுத்தது அந்தப் பாவை. யாருடைய உருவில் யார் இருக்கிறார் என்ற மர்மத்தை உடைத்துச் சொன்னதும் அதுவே. செய்யப்பட்ட ஓர் உருவம் கொலைக்குச் சாட்சியாக நிற்கும் காட்சி நம் காப்பியத்திலேயே இருக்கும்போது வேறெங்கே தேடுவது?

வள்ளுவரும் 'நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை நாணால் உயிர்மருட்டி அற்று' என்கிறார். உயிர்மருட்டல் என்றால் உயிர் இருப்பதுபோல் மயக்குவது. ஆண்ட்ராய்டுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எந்த மொழியில் இருக்கிறது?

'எந்திரன்' வேண்டாம் என்பது என் கருத்து. எந்திரம் வடசொல் என்று சொல்வதற்காக அல்ல, அது தமிழே என்பது என் உறுதியான நம்பிக்கை. இயங்கு, இயம், இயவு என்ற வேரில் பிறந்த சொல். ஐங்குறுநூற்றில் 'கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்' என்று வருகிறது, ஆலை யானைக்கு எதிர்க்குரல் கொடுக்கிறது. புறநானூற்றிலும் கரும்பின் எந்திரம் உண்டு, அதன் ஓசைக்கு வாளை மீன் துள்ளுகிறது. யம், யந்த்ரம் என்று வடமொழி வேர் காட்டுவோர் இந்த இயக்கப் பொருளை எங்கிருந்து கொண்டு வருகிறார்கள் என்று விளக்க வேண்டும். இதைத் தனியே ஒரு மடலில் விரிவாக எழுதுகிறேன்.

சிவகாமி எழுதியது:

வணக்கம். அரங்கன் ஐயா, எந்திரத்தின் வேரைத் தனி இழையில் பேசினால் நல்லது, பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை வேலை முடிய வேணும்.

பாவைக்கு என் மறுப்பை அழுத்திச் சொல்கிறேன். மரபில் அது என்னவாக இருந்தாலும், இன்றைக்குப் பாவை என்றால் பொம்மை, இல்லாவிட்டால் அழகான பெண். மார்கழியில் பாவை நோன்பு, கோயிலில் பாவை விளக்கு. துப்பாக்கியோடு கொலை வழக்கை விசாரிக்கிற ஒரு பெண் அதிகாரியைப் பாவை என்றால் அவளைக் காட்சிப் பொருளாக்குகிறோம். அதோடு நீங்கள் காட்டிய குறளே உங்களுக்கு எதிர். அங்கே மரப்பாவைக்கு உயிரும் இல்லை, மானமும் இல்லை, கயிற்றை இழுப்பவன் வேறொருவன். இந்தக் கதையின் நாயகி தானே முடிவெடுக்கிறவள் அல்லவா?

எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் இயந்திர மனிதன் என்று படித்தோம். நல்ல சொல், ஆனால் 'மனிதன்' என்று முடிவது இங்கே உதவாது.

அரங்கன் எழுதியது:

சிவகாமி அம்மா, பாவை பெண்பாலுக்கு மட்டும் உரியதன்று. கந்திற்பாவையில் உறையும் தெய்வத்தின் பெயர் துவதிகன், ஆண்பால் ஈறு. கண்ணில் உள்ள மணியும் பாவைதான், 'கருமணியிற் பாவாய்நீ போதாய்' என்று காதலன் சொல்வது கண்ணுக்குள் நிற்கும் ஆள் வடிவத்தை. கொல்லிப் பாவையையும் மறக்க வேண்டாம். பார்த்தவரை மயக்கிக் கொல்வது என்று அதைச் சொல்வார்கள், அதைக் காட்சிப் பொருள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வழக்கு தேய்ந்துவிட்டது என்பதற்காக ஒரு சொல்லைக் கைவிடுவதா, மீட்பதா?

இன்னொன்றும் சொல்கிறேன். 'மக்களே போல்வர் கயவர் அவரன்ன ஒப்பாரி யாங்கண்ட தில்'. இங்கே ஒப்பாரி என்றால் ஒப்புமை. மக்களே போல்வது எதுவோ அது ஒப்பாரி. பாவை பிடிக்காவிட்டால் இதை எடுத்துக்கொள்ளலாம்.

செழியன் எழுதியது:

ஐயா, 'நான் ஒரு ஒப்பாரி' என்று அவள் அழுதுகொண்டே சொல்வதாக வசனவரி வந்தால் அரங்கம் முழுக்கச் சிரிக்கும், கதையின் முக்கியமான இடம் அங்கேயே போய்விடும். பொருள் சரியாக இருந்தால் போதாது, படிக்கிறவர் மனத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கனவே இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

ஒரு தகவல். ரோபோ என்ற சொல் செக் மொழி 'ரோபோட்டா'விலிருந்து வந்தது, கட்டாய ஊழியம் என்று பொருள். 1920இல் கரெல் சாபெக் எழுதிய நாடகத்தில் முதலில் வந்தது, சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவர் அண்ணன் யோசெஃப். அந்த நாடகத்து ரோபோக்கள் இரும்பு எந்திரங்களே இல்லை, சதைபோன்ற பொருளால் ஆனவை. இன்றைய கணக்கில் அவைதான் ஆண்ட்ராய்டு. ஆகவே பூங்குழலி இரண்டுக்கும் 'ரோபோ' என்றே போட்டால்கூடத் தப்பில்லை.

அரங்கன் எழுதியது:

ரோபோட்டாவுக்கு நேர்ச்சொல் நம் கல்வெட்டுகளில் இருக்கிறது செழியன்: வெட்டி. கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலை. சோழர் கல்வெட்டுகளில் வரிகளோடு வரிகளாக வரும். ஆனால் இன்று அந்தச் சொல் பயனற்றது என்ற பொருளுக்குப் போய்விட்டதால் நானே அதைப் பரிந்துரைக்கவில்லை.

மாறன் எழுதியது:

எல்லாரையும் படித்துக்கொண்டிருந்தேன், தாமதமாக வருகிறேன். சொல் எதுவாகவும் இருக்கட்டும், பூங்குழலிக்கு உண்மையான சிக்கல் பெயர்ச்சொல்லில் இல்லை, வினைமுற்றில் இருக்கிறது என்று நினைக்கிறேன். முதல் பகுதியில் ஒரு பாடகி கொல்லப்படுகிறார் அல்லவா? நானும் அந்தத் தொடரைப் பார்த்திருக்கிறேன். கெல்லி மெக்கானன், விண்கலங்கள் வந்திறங்கும் நிலையத்தில் பயணப் பெட்டிக்குள் உடல் கிடைக்கிறது. ஊரே கொலை என்று பதறுகிறது, அப்புறம்தான் உடலுக்குள் எந்திர பாகங்கள் இருப்பது தெரிகிறது. ஜப்பானிய மொழியில் வினைக்குப் பால் விகுதி கிடையாது, அந்த வசனங்கள் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கலாம். தமிழில் அதே வரி 'செத்துட்டா' என்றோ 'உடைஞ்சிடுச்சு' என்றோ முடிந்தாக வேண்டும். விகுதி போட்ட உடனே நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம், அது கொலையா சேதாரமா என்று.

நன்னூல் இதைக் கறாராக முடிக்கிறது: 'மக்கள் தேவர் நரகர் உயர்திணை மற்றுயி ருள்ளவும் இல்லவும் அஃறிணை'. இதன்படி ஆண்ட்ராய்டு அஃறிணை, பேச்சே இல்லை. தொல்காப்பியர் 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே' என்கிறார். மக்கள் என்று நிறுத்தாமல் மக்கட் சுட்டு என்றாரே, அதை மக்கள் என்று கருதிச் சுட்டுவது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். சுட்டுகிறவர் மனத்தைப் பொறுத்தது திணை. ராஸ் அவளை எப்போது 'அது' என்பதை விட்டு 'அவள்' என்கிறானோ அதுதான் கதையின் திருப்பம், தமிழில் அதை ஒரே எழுத்தில் காட்டிவிடலாம், இங்கிலீஷ் வசனவரியில் இவ்வளவு நெருக்கமாக வராது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயலில் ஐயக்கிளவி என்று ஓர் இடம் இருக்கிறது. தூரத்தில் ஏதோ தெரிகிறது, அது ஆளா கட்டையா என்று தெரியவில்லை, அப்போது எப்படிப் பேசுவது? 'உருபென மொழியினும்' என்று தொடங்கும் சூத்திரம் அதற்கு வழி சொல்கிறது: உரு என்று சொல்லிக்கொள். 'குற்றிகொல்லோ மகன்கொல்லோ' (கட்டையோ, ஆளோ) என்பது உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம். மனிதரா பொருளா என்று முடிவாகாத ஒன்றைக் குறிக்கத் தமிழ் இலக்கணமே ஒதுக்கி வைத்த சொல் உரு. நமக்கு வேண்டியதும் அதுவேதான்.

அதனால் 'ஆளுரு'. ஆள் என்றால் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. பன்மை ஆளுருக்கள். கிரேக்கத்திலும் ஆண்ட்ராய்டு என்பது ஆள், உரு என்ற இரண்டு துண்டுதான், அது பொருந்தி வந்தது கூடுதல் மகிழ்ச்சி. மூன்று எழுத்து, திரையில் இடமும் பிடிக்காது.

அரங்கன் எழுதியது:

மாறன், ஐயக்கிளவியை இங்கே கொண்டுவந்து நிறுத்தியதற்கு வாழ்த்துகள், உள்ளபடியே மகிழ்ந்தேன். ஆனால் ஐயம் தீரும்வரைக்கும்தான் உரு. தீர்ந்த பிறகு கட்டை கட்டைதான், மகன் மகன்தான். ஆர்மிடேஜ் யார் என்று தெரிந்த பின்னும் அவளை 'உரு' என்றால் ஐயத்தையே அவளுக்குப் பெயராக வைத்தது போலாகும். கிரேக்கத்து 'ஆண்ட்ர' நம் 'ஆண்' என்பதோடு தொடர்புடையது என்ற ஆய்வையும் கவனிக்க வேண்டும், அப்படியானால் ஆணுரு என்றுதான்

சிவகாமி எழுதியது:

ஐயா, மடல் பாதியில் நிற்கிறது. ஆண், ஆண்ட்ர தொடர்பை நான் ஏற்கவில்லை, ஓசை ஒத்துப்போவது மட்டும் போதாது. ஆனால் 'ஐயத்தையே பெயராக வைப்பது' என்ற உங்கள் கருத்து என்னை யோசிக்க வைத்தது. என்றாலும் அந்த நகரத்து மனிதர்கள் அவளுக்கு வைத்த பெயர் அப்படித்தானே இருக்கும்? அவளுக்கு அவளே வைத்துக்கொள்ளும் பெயர் அல்லவே இது. ஆளுருவுக்கு என் ஆதரவு.

செழியன் எழுதியது:

என் வாக்கு இன்னும் ஆண்ட்ராய்டுக்கே. ஆனால் தமிழ்ச்சொல் வேண்டுமென்றால் 'பொறியாள்' பார்த்தீர்களா? பொறி என்றால் எந்திரம், ஐம்புலன்களுக்கான உறுப்பு இரண்டும்.

மாறன் எழுதியது:

எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. மரியாதையாகச் சொன்னால் 'பொறியாளர்' ஆகிவிடுகிறதே, கட்டடம் கட்டுகிறவர் வந்து நிற்கிறார்.

பூங்குழலி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, உண்மையிலேயே நெகிழ்ந்துவிட்டேன். நேற்றிரவு முதல் பகுதியை ஆளுருவோடு ஓட்டிப் பார்த்தேன். 'அவ ஆளுருன்னு உனக்கு எப்பவே தெரியுமா?' என்ற வரி நன்றாகவே உட்காருகிறது. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'ஆளுரு, மனுஷங்க மாதிரியே இருக்கிற ரோபோ' என்று கொஞ்சம் இழுத்து எழுதியிருக்கிறேன், அங்கே காட்சி மெதுவாக நகர்வதால் இடம் கிடைத்தது. பெட்டிக்குள் உடல் கிடைக்கும் இடத்தில் மாறன் சொன்னதை வைத்து மொத்தமாக மாற்றினேன். முதலில் எல்லாரும் 'கெல்லியைக் கொன்னுட்டாங்க' என்கிறார்கள். பாகங்களைப் பார்த்த பிறகு போலீஸ் அதிகாரி வாயில் 'இதை யாரு செஞ்சிருப்பா?' என்று வருகிறது. அந்த 'இதை' கொலையையும் சுட்டலாம், உடலையும் சுட்டலாம், இரண்டுமாக நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

செகண்ட், தேர்டு இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். 'மூன்றாமவர்' போட்டுப் பார்த்தேன், வழக்கில் சம்பந்தமில்லாத யாரோ வெளியாள் என்று ஆகிவிட்டது.

அரங்கன் ஐயா, பாவையைப் பயன்படுத்தாததற்கு வருந்தாதீர்கள். திரையிடலுக்கு முன் ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள், காஞ்சனன் கதையை அங்கே சொல்லப்போகிறேன்.

இன்னும் ஒரு சொல் பாக்கி. ராஸும் ஆர்மிடேஜும் ஒருவருக்கொருவர் 'பார்ட்னர்'. கூட்டாளி என்றால் செய்தித்தாளில் 'ரவுடியின் கூட்டாளிகள் கைது'. இணை என்றால் கணவன் மனைவி. பங்காளி என்றால் சொத்துத் தகராறு. இப்போதைக்குப் பார்ட்னர் என்றே விட்டிருக்கிறேன்.

செழியன் எழுதியது:

பார்ட்னர் இருக்கலாமாம், ஆண்ட்ராய்டு கூடாதாம். சரி, பெரும்பான்மை அப்படி என்றால் நான் தடுக்கவில்லை. கணினி, கணிப்பொறி, கணனி மூன்றும் பல வருடம் ஓடித்தான் இங்கே கணினி நின்றது, ஆளுருவும் ஓடட்டும்.

அரங்கன் எழுதியது:

முந்தைய மடல் தவறிப் பாதியில் போய்விட்டது. ஆளுரு தமிழ் இலக்கணத்துக்கு முரணன்று, படத்துக்குப் பயன்படட்டும். ஆனால் நம் மடற்குழுவின் சொற்பட்டியலில் ஏற்றும்போது பாவையையும் பக்கத்தில் பதியுங்கள், என் பெயரில் மறுப்புக் குறிப்போடு. பார்ட்னருக்கு 'உசாத்துணை' எண்ணிப் பாருங்கள். உசாவுதல் என்றால் கலந்து ஆராய்தல், துப்பறிவோர் செய்வது அதுதானே.

சிவகாமி எழுதியது:

ஐயா, உசாத்துணை என்றால் இப்போது எல்லாரும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துப் பட்டியலைத்தான் நினைப்பார்கள்.

பூங்குழலி, ராஸுக்கே ஒரு கால் எந்திரக் கால் என்று நினைவு. அவனை என்ன சொல்லப் போகிறீர்கள்?